44 அங்குல பிளாட்டரை லிஃப்டில் நிமிர்த்தி ஏற்றலாமா?

மே 9, காலை 8.20 | கேட்டவர், வேலூர் ஆபீசர்ஸ் லைன்

கட்டட வரைபட ஆபீஸ். இப்போது முதல் மாடியில் இருக்கிறோம். காட்பாடி காந்தி நகரில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கு மாறுகிறோம். பிளாட்டர் (பெரிய தாளில் வரைபடம் அடிக்கும் மிஷின்) எச்.பி. டிசைன்ஜெட் டி790, 44 அங்குல அகலத் தாள் வரை அடிப்பது. புதுக் கட்டடத்தில் ஆறு பேர் லிஃப்ட் உண்டு, உள்ளளவு 110 × 100 செ.மீ. மிஷின் நீளம் 177 செ.மீ., படுத்த நிலையில் நுழையாது. சாமான் ஏற்ற வருகிறவர் சொல்கிறார்: "கார்ட்ரிட்ஜ் ஆறையும் கழற்றிடுங்க, ஸ்டாண்டை எடுத்துடுங்க, பீரோ மாதிரி நிமிர்த்தி லிஃப்ட்ல ஏத்திடலாம், அஞ்சு நிமிஷ வேலை." கார்ட்ரிட்ஜ் இல்லாவிட்டால் இங்க் சிந்தாது என்கிறார். சரிதானா? மாற்றம் 19-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை.

மே 9, காலை 9.05 | சர்வீஸ், சத்துவாச்சாரி

நிமிர்த்தாதீங்க சார். கார்ட்ரிட்ஜையும் கழற்றாதீங்க. அவர் சொன்னதில் ஸ்டாண்டை எடுப்பது மட்டும் சரி.

இங்க் கார்ட்ரிட்ஜில் மட்டும் இல்லை. ஆறு கார்ட்ரிட்ஜிலிருந்தும், தாளுக்குக் குறுக்கே ஓடும் வண்டியான கேரேஜ் வரை ட்யூப் போகிறது, அத்தனையிலும் இங்க் நிரம்பி நிற்கிறது. கேரேஜில் இங்க் தெளிக்கும் மூன்று ஹெட், ஒவ்வொன்றிலும் இரண்டு கலர். ஓர் ஓரத்தில் ஹெட்டைத் துடைத்து மூடிவைக்கும் சர்வீஸ் ஸ்டேஷன். ஒவ்வொரு கிளீனிங்கிலும் ஹெட் துப்புகிற இங்க் அங்கேதான் சேர்ந்து ஊறிக் கிடக்கும். பல வருஷம் ஓடிய மிஷினைச் செங்குத்தாக நிறுத்தினால் அந்தக் கழிவு இங்க் வழிந்து, போர்டு, மோட்டார், கேரேஜுக்கு இடம் காட்டும் என்கோடர் ஸ்ட்ரிப் என எது கீழே இருக்கிறதோ அதன்மேல் இறங்கும். கார்ட்ரிட்ஜைக் கழற்றுவதால் இதில் ஒரு சொட்டுகூடக் குறையாது.

கழற்றினால் புதிதாக ஒரு வம்பும் சேரும். கார்ட்ரிட்ஜ் இணைகிற இடம் காற்றுபட்டுக் காயும், ட்யூபுக்குள் குமிழி புக வழி உண்டாகும்.

இந்த மாடலின் கையேடு சொல்வது இதுதான்: கார்ட்ரிட்ஜும் ஹெட்டும் அப்படியே இருக்கட்டும்; தாள் ஏதும் ஏற்றியிருக்கக் கூடாது; வேலை எதுவும் ஓடாத நேரத்தில் முன்பலகையில் உள்ள பவர் பட்டனால் அணைக்க வேண்டும்; பிறகு ஒயர்களைக் கழற்ற வேண்டும். தலைகீழாகத் திருப்பினால் இங்க் உள்ளே கசிந்து பெரிய சேதம் வரும் என்று தனியாக எச்சரிக்கையே இருக்கிறது. செங்குத்தாக நிறுத்துவதும் அதே வழியில் பாதி தூரம் போவதுதான்.

மே 9, காலை 9.30 | சர்வீஸ், சத்துவாச்சாரி

பட்டனால் அணைப்பது ஏன் என்று சொல்லவில்லை. பட்டனை அழுத்தினால் கேரேஜ் ஓரத்துக்குப் போய், ஹெட் சர்வீஸ் ஸ்டேஷன் மூடியின்மேல் உட்காரும், அதன்பின்தான் விளக்கு அணையும். சுவரில் சுவிட்சை அணைத்தால் கேரேஜ் எங்கே நின்றதோ அங்கேயே நிற்கும். ஹெட் திறந்து கிடக்கும். வேலூர் மே மாத வெயிலில் அது காய ஒரு பகல் போதும். அதைவிட மோசம், வண்டி குலுங்கும்போது கேரேஜ் இங்கும் அங்கும் ஓடும்.

கிளம்பும் காலையில் கரண்ட் போய் மிஷின் தானாக அணைந்திருந்தால், அப்படியே தூக்காதீங்க. கரண்ட் வந்ததும் ஆன் செய்து, தயார் என்று காட்டியபின் பட்டனால் அணைத்துவிட்டு எடுங்க. யு.பி.எஸ்.-ஐக் கடைசியாகக் கழற்றுவது நல்லது.

மே 9, பகல் 1.15 | ஜெராக்ஸ் கடை, தோட்டப்பாளையம்

கார்ட்ரிட்ஜ் விஷயத்தில் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே விதி கிடையாது. இதை மற்ற மாடல்காரர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். கேனான் இமேஜ்ப்ரோகிராஃபில் மிஷினை இடம் மாற்றத் தயார்செய்ய மெனுவிலேயே ஒரு கட்டளை உண்டு. அது ட்யூபில் உள்ள இங்க்கை வெளியேற்றி மெயின்டனன்ஸ் கார்ட்ரிட்ஜில் தள்ளும். அந்தக் கார்ட்ரிட்ஜ் நிரம்பும் நிலையில் இருந்தால் புதிது போடச் சொல்லும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலூரில் அதற்கு அலைய முடியாது, முன்பே ஒன்று வாங்கி வையுங்கள். மிஷின் வாங்கிய அன்று கேரேஜ் பெல்ட்டைப் பிடித்திருந்த பெல்ட் ஸ்டாப்பரைக் கழற்றி எடுத்து வைத்திருப்பார்கள், அதைத் தேடி எடுத்து மறுபடி மாட்ட வேண்டும்.

மே 9, பகல் 1.40 | சர்வீஸ், சத்துவாச்சாரி

சரியான திருத்தம். நான் சொன்னது டி790 வகைக்கு. எப்சன் ஷ்யூர்கலர் டி வரிசையிலும் கார்ட்ரிட்ஜ் உள்ளேயே இருக்க வேண்டும், 10 டிகிரிக்கு மேல் சாய்க்கக் கூடாது. படி, சரிவு, லிஃப்ட் எதுவும் இல்லாமல் ஒரே தளத்தில் நகர்த்துவதற்கு மட்டும்தான் அந்தக் கையேடு நமக்கு வழி சொல்கிறது.

10 டிகிரி என்றால் கையில் எவ்வளவு என்று தெரிய வேண்டும். 177 செ.மீ. நீள மிஷினில் ஒரு முனை மற்றதைவிட 31 செ.மீ. உயர்ந்தால் 10 டிகிரி. ஒரு முழத்துக்கும் குறைவு. எச்.பி.க்கும் இதையே எல்லையாக வைத்துக்கொள்ளுங்க. ஒரு கணம் கூடிப்போனால் பதற வேண்டாம், அந்த நிலையில் நிறுத்திவைக்கக் கூடாது.

மே 9, இரவு 9.50 | கேட்டவர்

லிஃப்டை விட்டுவிட்டோம். அப்படியானால் படிதான். மிஷின் படியில் திரும்புமா என்று ஆள் வருவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?

மே 10, காலை 7.30 | சர்வீஸ், சத்துவாச்சாரி

உண்டு. அளவு நாடாவும் ஒரு வகுத்தலும் போதும். இரண்டு பக்கமும் ஒரே அகலமுள்ள நடை, நடுவில் செங்கோணத் திருப்பம் என்றால், வேண்டிய அகலம் இப்படி வரும்: மிஷின் நீளத்தில் பாதியோடு ஆழத்தைக் கூட்டி 1.414-ஆல் வகுங்க. உங்கள் மிஷினுக்கு 88.5 + 70 = 158.5, வகுத்தால் 112 செ.மீ. இது சுவரில் உரசிப் போகிற அளவு. கை விரலுக்குப் பக்கத்துக்கு 5 செ.மீ. விட்டு 122 என்று வைத்துக்கொள்ளுங்க. 36 அங்குலச் சின்ன மாடல்கள் 132 செ.மீ. நீளம், 53 செ.மீ. ஆழம், அவற்றுக்கு உரசிப் போகிற அளவு 84 செ.மீ.

ஸ்டாண்டும், தாள் விழும் கூடையும் கழற்றிய அளவு இது. ரோல் மாட்டும் ஸ்பிண்டிலையும் எடுத்துவிட வேண்டும்.

மே 10, காலை 11.00 | சாமான் ஏற்றுபவர், காட்பாடி

சார் கணக்கு நடைபாதைக்குச் சரி. மாடிப்படிக்குப் பொருந்தாதுங்க. நம்ம ஊர்ல பெரும்பாலும் பாதி ஏறி, மேடையில் திரும்பி, எதிர்ப்பக்கமாக மீதி ஏறுகிற படி. அங்கே மிஷின் சுவருக்கும் சுவருக்கும் நடுவில் திரும்பாது, கைப்பிடிக்கு மேலே தூக்கித்தான் அடுத்த வரிசைக்குக் கடத்தணும். கைப்பிடி 90 செ.மீ. உயரம். அதுக்கு மேலே ஒரு ஜாண் தூக்கணும். மேடைக்கு மேல் உத்தரமோ, தொங்கும் ட்யூப் லைட்டோ இருக்கான்னு பாருங்க. தலைக்கு மேல் இடம் இல்லாத படியில் அகலம் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

மே 10, காலை 11.25 | சர்வீஸ், சத்துவாச்சாரி

ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. என் கணக்கை அறைக்கு வெளியே உள்ள நடைக்கும், வாசல் திருப்பத்துக்கும் வைத்துக்கொள்ளுங்க. படிக்கு அண்ணன் சொன்னதுதான்.

படியில் இன்னொரு கணக்கு இருக்கிறது. 6 அங்குல உயரம், 10 அங்குல அகலம் உள்ள படியின் சாய்வு 31 டிகிரி. படியின் சாய்விலேயே மிஷினைக் கொண்டுபோனால் நமது 10 டிகிரியைப்போல் மூன்று மடங்கு. மட்டமாகப் பிடிக்க வேண்டுமானால் கீழே நிற்பவர் கைக்கும் மேலே நிற்பவர் கைக்கும் அவரவர் படியிலிருந்து 106 செ.மீ. வித்தியாசம் வேண்டும். கீழே இருப்பவர் தோளில் வைக்க வேண்டும், மேலே இருப்பவர் முழங்காலுக்குக் கீழே பிடிக்க வேண்டும். வெறும் கையால் இரண்டு மாடி அப்படிக் குனிந்து ஏற யாராலும் முடியாது. பாதியில் முதுகு நிமிரும், மிஷின் சாயும்.

மே 10, பகல் 12.40 | சாமான் ஏற்றுபவர், காட்பாடி

அதுக்குப் பலகை போடணும். 6 அடிக்கு இரண்டரை அடி, 19 மி.மீ. பிளைவுட். மேலே 2 அங்குல நுரை. மிஷினை அதன்மேல் உட்காரவைத்து இரண்டு பெல்ட் கட்டணும். பலகையின் மேல்முனையில் தோளில் மாட்டும் பட்டை இரண்டு. மேலே போகிற இரண்டு பேரும் நிமிர்ந்து நடப்பாங்க, பட்டையின் நீளம் மிஷினைத் தாழ்வாகப் பிடித்துக்கொள்ளும். கீழே இரண்டு பேர் தோளில். ஐந்தாவது ஆள் தூக்கவே கூடாது, பக்கத்தில் நடந்து மட்டம் பார்த்துச் சொல்லணும். ஒவ்வொரு மேடையிலும் இறக்கிவைக்க உயரமான இரண்டு ஸ்டூல் முன்பே போட்டிருக்கணும்.

மே 10, பகல் 12.55 | சர்வீஸ், சத்துவாச்சாரி

மட்டம் பார்க்க ரசமட்டத்தை மேல் மூடியில் நீளவாக்கில் ஒட்டிவிடுங்க. ரசமட்டம் இல்லாத சிவில் ஆபீஸ் கிடையாது, அதற்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது!

பலகை சேர்ந்தால் இரண்டு எண் மாறும். அந்தப் பிளைவுட் 16 கிலோ பக்கம் வரும். ஸ்டாண்டோடு இந்த மிஷின் 80 கிலோவுக்கு மேல். ஸ்டாண்ட் இல்லாமல் குறையும் என்றாலும் பலகை, நுரை, பெல்ட் சேர்த்து நூறு கிலோ என்றே எண்ணி ஆள் வையுங்க. நடைத் திருப்பத்துக்கும் இனி பலகையின் அளவு: 91.5 + 76 = 167.5; வகுத்தால் 118 செ.மீ.க்குச் சற்று மேல். முன்பு சொன்ன 112-ஐ மறந்துவிடுங்க.

மே 10, மாலை 6.10 | கேட்டவர்

புது இடத்தில் வாசலுக்கு வெளியே நடை 125. படி மேடைக்கு மேல் ஏழடி காலி. பழைய ஆபீசில் படி குறுகல், நடை 105 தான். வாங்கும்போது எப்படி ஏற்றினார்கள் என்றே தெரியவில்லை.

மே 10, மாலை 6.45 | சாமான் ஏற்றுபவர், காட்பாடி

முன்பக்கம் பால்கனி இருந்தா செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) போட்டு இறக்கிடலாம் சார். அரை டன் போதும். பலகையின் நாலு மூலையிலும் ஒரே நீளத்தில் பட்டை, அப்போ மிஷின் தானா மட்டமா இறங்கும். படியைவிட இதுதான் மிஷினுக்கு நல்லது. கொக்கியை இரும்புக் கர்டரில் மாட்டணும். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் நாலரை அங்குலச் செங்கல், அது தாங்காது. கீழே இரண்டு பேர் கயிறு பிடிச்சு ஆடாம பார்க்கணும். ஈ.பி. ஒயர் பால்கனி பக்கம் போகுதான்னு முதல்ல பாருங்க. போச்சுன்னா இந்தப் பேச்சே வேண்டாம்.

மே 11, காலை 10.00 | கேட்டவர்

ஒயர் இரண்டு அடி தள்ளிப் போகிறது. பால்கனி வேண்டாம் என்று முடிவு. நடை 105 என்று சொன்னதில் ஒரு மரத் தடுப்பும் சேர்ந்திருக்கிறது. எப்படியும் காலி செய்கிற இடம், வீட்டுக்காரரிடம் கேட்டுத் தடுப்பை எடுத்தால் 130 வரும்.

மே 12, காலை 8.00 | சர்வீஸ், சத்துவாச்சாரி

மிஷினை அணைப்பதற்கு முன் செய்ய வேண்டியதை இன்னும் யாரும் சொல்லவில்லை. பலர் தவறவிடுவது இங்கேதான்.

இடம் மாறியபின் ஏதாவது கோளாறு வந்தால் அது முன்பே இருந்ததா, வழியில் வந்ததா என்று தெரிய வேண்டும். அதற்குச் சனிக்கிழமையே சான்று எடுத்துவைங்க. கட்டமைப்புப் பக்கம் ஒன்று அச்சடிங்க: அதில் ஐ.பி. முகவரி, இங்க் அளவு எல்லாம் இருக்கும். அடுத்து ஹெட் சோதனைப் படம். மூன்றாவதாக ஆட்டோகேடில் 600 × 800 மி.மீ. செவ்வகம், இரண்டு மூலைவிட்டத்தோடு, ஒன்றுக்கு ஒன்று அளவில். மூலைவிட்டம் சரியாக 1000 வர வேண்டும். ஸ்டீல் ஸ்கேலால் அளந்து தாளிலேயே எழுதித் தேதி போட்டு வைங்க. புது இடத்தில் அதே ரோலில், அதே தர அமைப்பில் அதையே மறுபடி அடிக்க வேண்டும்.

மே 12, காலை 9.20 | ஷூ பேட்டர்ன், ராணிப்பேட்டை

இதை அழுத்திச் சொல்ல வேண்டும். இங்கே ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் பிளாட்டரில் அடிப்பது ஷூ பேட்டர்ன், எல்லாம் உண்மை அளவு. ஒரு மில்லி தப்பினால் தோல் வெட்டியபின்தான் தெரியும். கட்டட வரைபடத்தில் அளவு எண்ணாக எழுதியிருப்பதால் பிழை கண்ணில் படாமல் போகும். ஆனால் புல வரைபடத்தின்மேல் வைத்து ஸ்கேலால் எடுக்கிறவர்களுக்கு இதே சிக்கல்தான்: 1:1000-இல் தாளில் ஒரு மில்லி, தரையில் ஒரு மீட்டர்.

ஒரு திருத்தம். 24 அங்குல ரோல் 610 மி.மீ. ஓரம் போனால் 600 நுழைவதே சந்தேகம். அந்த மிஷின்காரர்கள் 480 × 640 போடட்டும், மூலைவிட்டம் 800.

மே 12, காலை 9.45 | சர்வீஸ், சத்துவாச்சாரி

நன்றி, 480 × 640 நல்ல அளவு. எவ்வளவு பிழை பொறுக்கலாம் என்றால், டி790-க்குக் கோட்டு நீளத்தில் 0.1 சதவீதம் என்பது கம்பெனிக் கணக்கு. 800-க்கு 0.8 மி.மீ. ஆனால் அது 23 டிகிரியில், ஈரப்பதம் 50-60 சதவீதத்தில், ஃபிலிமில் அடித்தால். சாதா பாண்ட் தாள் ஈரத்துக்கு விரியும், அதுவும் ரோலின் அகலவாக்கில் கூடுதலாக. அதனால்தான் அதே ரோல் என்றேன். ரோலை பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொண்டுபோய், புது அறையில் ஒரு நாள் பிரித்து வைத்தபின் சோதனை அடிங்க.

மே 13, இரவு 8.30 | கேட்டவர்

ஏ.சி. அறையிலிருந்து வெயிலுக்குக் கொண்டுபோய் மறுபடி ஏ.சி. அறைக்குள் வைக்கிறோம். சூடான மிஷின் குளிரில் வியர்க்கும், உடனே ஆன் செய்யாதே என்கிறார்கள்.

மே 14, காலை 7.15 | சர்வீஸ், சத்துவாச்சாரி

சொல்வது பாதி சரி, திசை தலைகீழ். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சோடா பாட்டில்தான் வியர்க்கும், வெயிலில் கிடந்த பாட்டில் ஃப்ரிட்ஜுக்குள் வியர்க்காது. ஆகவே ஆபத்து கிளம்பும் நேரத்தில். வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மேலும் நீர் படியும். கோடை மழை பெய்த மறுநாள் காலை நம் ஊரில் அப்படி இருக்கும். சனிக்கிழமை இரவே ஏ.சி.யை அணைத்து ஜன்னலைத் திறந்து வைங்க, காலைக்குள் மிஷின் வெளிச்சூட்டுக்கு வந்துவிடும்.

போய்ச் சேர்ந்தபின் காத்திருப்பதற்குக் காரணம் வேறு. சூட்டில் விரிந்த ரோலர், பெல்ட், பிளாஸ்டிக் எல்லாம் அறைச் சூட்டுக்கு இறங்கியபின் ஹெட் அலைன்மென்ட் (ஹெட்கள் ஒன்றோடொன்று பொருந்தச் சரிசெய்வது) செய்தால்தான் அது நிலைக்கும். மூன்று, நான்கு மணி நேரம் விடுங்க.

வேலை செய்ய 40 டிகிரி, அணைத்து வைக்க 55 டிகிரி, இதுதான் இந்த மிஷினின் எல்லை. கத்திரி வெயிலில் நிறுத்தி வைத்த மூடிய வண்டிக்குள் 55 எட்டுவது பெரிய விஷயமில்லை. காலை 6 மணிக்கு ஏற்றி, 9-க்குள் மேலே கொண்டுபோய்விட வேண்டும். டீ குடிக்க வண்டியை வெயிலில் நிறுத்தக் கூடாது.

மே 14, காலை 10.30 | சாமான் ஏற்றுபவர், காட்பாடி

வண்டி டாடா ஏஸ் போதும். பின்பக்கம் ஏழடி நீளம், அகலம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. இந்த மிஷின் நீளவாக்கில்தான் வைக்க முடியும். மிஷின் மட்டும் ஏற்றிக்கிட்டு ஓட்டாதீங்க. லோடு இல்லாத வண்டி ஒவ்வொரு வேகத்தடையிலும் துள்ளும், பட்டை ஸ்பிரிங் அழுந்தாது. கோப்பு, புத்தகம், இரும்பு டேபிள்னு 300-400 கிலோ அடியிலும் முன்னாலும் ஏற்றினா வண்டி அமைதியா போகும். அப்புறம்தான் மிஷின், எல்லாத்துக்கும் கடைசியா ஏற்றி முதல்ல இறக்கணும்.

கயிறு வேண்டாம். நைலான் கயிறு மூடியை அழுத்தி வளைச்சிடும். ராட்செட் பெல்ட்டைப் பலகையின் முனைகளில் போடணும், மிஷின் மேலே போடும் பெல்ட் நழுவாம பிடிச்சா போதும்.

மே 14, காலை 11.10 | சர்வீஸ், சத்துவாச்சாரி

நீளவாக்கில் என்றால் ஒரு யோசனை. கேரேஜ் ஓடும் தண்டும் அதே திசையில்தான் இருக்கும், பிரேக் போடும்போதெல்லாம் கேரேஜ் முன்னால் தள்ளப்படும். ஹெட் ஓய்வுக்கு நிற்கும் பக்கத்தை முன்னால், டிரைவர் கேபினை ஒட்டி வைங்க. பிரேக் தள்ளினாலும் கேரேஜ் தன் இடத்திலேயே அழுந்தும், வெளியே ஓடாது. 36 அங்குல மிஷின் என்றால் குறுக்காகவே வைக்கலாம், அது இன்னும் நல்லது.

மூடி, கதவுகள் திறக்காமல் இருக்க மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. பழுப்பு பேக்கிங் டேப்பின் பசை இந்த வெயிலில் உருகிப் பிடித்துக்கொள்ளும், பிறகு பெயின்டோடுதான் வரும். டேப் முனையை மடித்து ஒட்டினால் கழற்ற எளிது. உள்ளே எங்கும் டேப் வேண்டாம். கேரேஜுக்குப் பின்னால் ஓடும் கண்ணாடி போன்ற மெல்லிய பட்டைதான் என்கோடர் ஸ்ட்ரிப். அதில் விரல் பட்டாலே கேரேஜுக்கு இடம் தெரியாமல் போகும். அழுக்குப் பட்டால் நூல் உதிராத துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து துடைக்கலாம். ஸ்பிரிட் போடாதீங்க, சில பட்டைகளில் கோடே அழிந்துவிடும்.

தூக்கும்போது பிடிக்க வேண்டியது இரு முனையிலும் அடியில் உள்ள பிடி. மூடி, முன் தட்டு, கார்ட்ரிட்ஜ் கதவு, ரோல் தாங்கி எதையும் பிடித்துத் தூக்கக் கூடாது. ஸ்டாண்டின் சக்கரம் அறைக்குள் நகர்த்தத்தான். ரோட்டிலோ சரிவிலோ உருட்ட அல்ல.

மே 15, மாலை 4.00 | ஃப்ளெக்ஸ் பிரிண்டிங், ஆற்காடு

எங்களிடம் இருப்பது சால்வென்ட் (கரைப்பான் கலந்த இங்க்) மிஷின். இதே முறையில் இங்க்கோடு கொண்டுபோகலாமா?

மே 15, மாலை 5.20 | சர்வீஸ், சத்துவாச்சாரி

கூடாது. சால்வென்ட் இங்க் வேறு குணம், ஹெட்டில் காய்ந்தால் ஹெட் போச்சு. லைனில் உள்ள இங்க்கை இறக்கி, கிளீனிங் சொல்யூஷனால் கழுவி, ஹெட் உட்காரும் மூடியில் சொல்யூஷன் ஊற்றி ஹெட்டை அதன்மேல் நிறுத்த வேண்டும். அது உங்கள் மிஷின் டெக்னீஷியன் நின்று செய்ய வேண்டிய வேலை. இங்கே சொன்னதை அதற்குப் பயன்படுத்தாதீங்க. டோனர் போட்டு ஓடும் பெரிய மிஷின்களும் அப்படியே; அவற்றுக்குத் தனி மின் லைன் வேண்டும், எடையும் பல மடங்கு.

மே 17, இரவு 9.00 | கேட்டவர்

புது ஆபீசில் கரண்ட், நெட்வொர்க்குக்கு ஏதாவது?

மே 17, இரவு 9.40 | சர்வீஸ், சத்துவாச்சாரி

இங்க்ஜெட்டுக்குக் கரண்ட் பெரிதாக வேண்டாம், சாதா 3 பின் சாக்கெட் போதும். எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்க. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சரிசெய்தபின் இணையுங்க.

நெட்வொர்க்கில்தான் திங்கட்கிழமை காலை போகும். பழைய ரவுட்டர் 192.168.1 வரிசையில் இருந்து புதியது 192.168.0 என்றால், பிளாட்டருக்குக் கையால் கொடுத்த முகவரி அங்கே செல்லாது. கம்ப்யூட்டர்களில் உள்ள டிரைவரும் பழைய முகவரியையே தேடும். பிளாட்டரில் புது முகவரி கொடுத்துவிட்டு, ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் பிரிண்டர் போர்ட்டை மாற்றினால் போதும், டிரைவரை அழித்துப் போட வேண்டியதில்லை.

ஏ.சி. காற்று நேரே படுகிற இடத்திலும் மேற்கு ஜன்னல் அருகிலும் வைக்காதீங்க. சர்வீஸ் ஒப்பந்தம் இருந்தால் இடமாற்றத்தை முன்கூட்டி எழுத்தில் தெரிவித்துவிடுங்க. வண்டியில் சீரியல் எண் எழுதிய டெலிவரி சலான் ஒன்று இருக்கட்டும்.

மே 19, பகல் 2.30 | கேட்டவர்

மேலே வந்துவிட்டது. 6.10-க்கு ஏற்றி, பாலாற்றுப் பாலம் தாண்டி, 8.40-க்கு அறைக்குள். ரசமட்டக் குமிழி ஓரத்துக்குப் போனது ஒரே முறை, இரண்டாவது மேடையில். இப்போது ஆன் செய்தோம், கேரேஜ் அசைந்து நின்று 86:01 என்று காட்டுகிறது.

மே 19, பகல் 2.40 | சர்வீஸ், சத்துவாச்சாரி

பயப்படாதீங்க. 86:01 கேரேஜ் ஓடும் வழியில் தடை. 81:01 என்றால் தாள் இழுக்கும் ரோலர் பக்கம். அணைத்து, ஒயரைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, டார்ச் அடித்து ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பாருங்க. நுரைத் துண்டு, டேப் முனை, பழைய தாள் கிழிசல், இடம் பெயர்ந்த ட்யூப், இவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும். பிறகு கேரேஜை விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்க. சர்வீஸ் ஸ்டேஷன் மூடியின்மேல் பூட்டியிருந்தால் வலிந்து இழுக்காதீங்க.

மே 19, பகல் 3.15 | கேட்டவர்

இடது ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு தாள் கிழிசல், ரொம்ப நாளாக உள்ளே கிடந்திருக்கிறது. குலுக்கலில் தண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. எடுத்ததும் ஓடுகிறது. ஹெட் சோதனைப் படத்தில் எல்லாக் கோடும் இருக்கிறது. அலைன்மென்ட் கொடுத்துவிட்டோம்.

மே 20, மாலை 6.00 | கேட்டவர்

ஒரு நாள் பிரித்து வைத்த அதே ரோலில் செவ்வகம். சனிக்கிழமை 800 பக்கம் 800.5 இருந்தது. இன்று முதலில் 801.5, மூலைவிட்டம் 1001-க்கு மேல். குறுக்கே 600 அப்படியே.

மே 20, மாலை 6.20 | சர்வீஸ், சத்துவாச்சாரி

குறுக்கே சரி, நீளத்தில் கூடுதல் என்றால் கேரேஜிலோ என்கோடரிலோ குற்றமில்லை. தாள் முன்னேறும் அளவுதான். தாள் முன்னேற்றச் சரிபார்ப்பை அந்தத் தாள் வகைக்கே ஓட்டுங்க. ஹெட் அலைன்மென்ட் அதைச் சரிசெய்யாது, இரண்டும் வேறு.

மே 20, இரவு 7.45 | கேட்டவர்

ஓட்டினோம். 800.5, மூலைவிட்டம் இரண்டும் 1000-க்கும் 1000.5-க்கும் நடுவில். நாளை காலை முதல் ஏ0 தாள்.

பிளைவுட் பலகையும் தோள் பட்டைகளும் காந்தி நகரில் எங்கள் மாடிப்படி அடியில் இருக்கின்றன. வேலூர், காட்பாடியில் யாராவது பிளாட்டர் மாற்றினால் எடுத்துக்கொண்டு போகலாம், நுரை மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.